கணக்குப்பிள்ளைக்கு அடுத்த படி எது? – இடையஞ்சாவடியிலிருந்து ஒரு குறிப்பு

2025 ஏப்ரல் முதல் வாரம். எங்க தெருவில் இருக்கிற ஒரு பையன் ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்தான். பி.காம் முடிச்சு மூணு வருஷம் ஆச்சு. புதுச்சேரியில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் டாலியில் பில் போடுற வேலை. மாசம் பதினாறாயிரம் சம்பளம். வந்ததும் கேட்ட கேள்வி இதுதான்:

“அண்ணே, பில்லை போட்டோ எடுத்தா அதுவே கணக்குல ஏத்திக்கிற சாப்ட்வேர் ஒண்ணை ஆபீசுல இன்னிக்கு ஓட்டிக் காட்டினாங்க. நான் ஒரு நாள்ல போடுறதை அது பத்து நிமிஷத்துல போட்டுடுச்சு. நான் என்ன பண்றது?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இல்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. பதினைந்து வருஷத்துக்கு முன்னால், வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்காக இதே மாதிரி ஒரு புரோகிராமை எழுதியவர்களில் நானும் ஒருத்தன். கொள்முதல் ஆர்டரையும் பில்லையும் ஒத்துப் பார்க்கிற புரோகிராம். அது ஓட ஆரம்பித்த ஆறு மாசத்தில், அந்த வேலையைக் கையால் செய்துகொண்டிருந்த பதினொரு பேரில் ஒன்பது பேரின் நாற்காலி காலி. மீதி இரண்டு பேர் ஏன் தப்பினார்கள் என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. எனக்கு பாராட்டுக் கடிதம் வந்தது, வாங்கி வைத்துக்கொண்டேன்.

பையன் கேட்ட பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன். அப்புறம் வழக்கம்போல பழைய விஷயங்களைத் தோண்டினேன். கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன். கணக்குத் துறையில் இருக்கும் இளைஞர்களுக்கோ அவர்களைப் பெற்றவர்களுக்கோ உதவலாம்.

ஒரே நாளில் போன கணக்கு வேலை

கணக்கு எழுதும் வேலை ஒரேயடியாகக் காணாமல் போவது நம் பக்கத்துக்குப் புதுசு இல்லை. நம்ம ஊர்ப் பெயரிலேயே ‘சாவடி’ இருக்கு. பல கிராமங்களில் சாவடியில்தான் கர்ணம் உட்கார்ந்து கணக்கு எழுதுவார். எந்தப் புல எண்ணில் என்ன பயிர், யாருக்கு எவ்வளவு தீர்வை, யார் கட்டினார், யார் பாக்கி என்பதெல்லாம் அவர் நோட்டில் இருக்கும். அடங்கல், சிட்டா என்ற சொற்களை இன்றைக்கும் நாம் பயன்படுத்துகிறோம். வருஷக் கணக்கும் ஏப்ரல்–மார்ச் கிடையாது. ஜூலை 1-ல் தொடங்கும் பசலி ஆண்டு. அது முடிகிற சமயத்தில் தாலுகாவில் ஜமாபந்தி. ஜமாபந்தி என்றால் மனு கொடுக்கிற நாள் என்றுதான் இன்றைக்குப் பலர் நினைக்கிறார்கள். அடிப்படையில் அது கிராமக் கணக்குகளுக்கான வருடாந்திர தணிக்கை.

வழக்கத்தில் கர்ணம் வேலை பெரும்பாலும் சில குடும்பங்களுக்குள்ளேயே சுற்றிய பதவி. அப்பாவிடம் பிள்ளை கற்றுக்கொள்வார். நிலம் ஊருக்குச் சொந்தம் என்றாலும் நிலத்தைப் பற்றிய தகவல் அந்த ஒரு வீட்டுக்குச் சொந்தம். அதில் அதிகாரமும் இருந்தது, முறைகேட்டுக்கு வழியும் இருந்தது.

1980 நவம்பர் 14 அன்று எம்.ஜி.ஆர். அரசு ஒரு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாடு முழுவதும் கர்ணம், மணியக்காரர் போன்ற பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் அன்றோடு ஒழிக்கப்பட்டன. போன பதவிகள் இருபதாயிரத்துக்கும் மேல். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒழித்தது செல்லும் என்று 1982-ல் தீர்ப்பு வந்தது. அந்த இடத்தில் வந்தவர்தான் முழுநேர கிராம நிர்வாக அலுவலர், நாம் சொல்லும் வி.ஏ.ஓ. இப்போது டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு எழுதி அந்த வேலைக்கு வருகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, பதவி போனாலும் வேலை போகவில்லை என்பது. அடங்கல் இன்றைக்கும் எழுதப்படுகிறது, ஜமாபந்தியும் நடக்கிறது. மாறியது யார் செய்யலாம் என்பது மட்டும். ‘எனக்குத்தான் தெரியும்’ என்பதை நம்பியிருந்தவர் வெளியே போனார், ‘தேர்வு எழுதித் தகுதி வாங்கியிருக்கேன்’ என்றவர் உள்ளே வந்தார்.

கணக்கு வேலையில் மூன்று தளம்

என் புரோகிராமால் வேலை போன ஒன்பது பேரையும் போகாத இரண்டு பேரையும் இப்போது நினைத்துப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. கணக்கு வேலை என்று நாம் ஒரே பெயரில் சொல்வதில் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன.

முதலாவது பதிவு. பில்லைப் பார்த்து, தேதி, தொகை, கட்சிப் பெயர் எல்லாம் ஏற்றுவது. இந்தியாவில் இந்த வேலையைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்ததில் பெங்களூருவின் டாலிக்குப் பெரிய பங்கு. 1986-ல் எஸ்.எஸ். கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் தொடங்கிய நிறுவனம் அது. பேரேடு எழுதிக் கூட்டிப் பார்த்தவர் வேலையை டாலி எடுத்தது, டாலியில் தட்டச்சு செய்தவர் வேலை உருவானது. இப்போது அந்தத் தட்டச்சையும் மெஷின் எடுக்கிறது. மூன்றில் முதலில் போவது இந்தத் தளம்தான்.

இரண்டாவது ஒத்துப் பார்ப்பது. வங்கி அறிக்கையும் நம் வங்கிப் பேரேடும் ஒத்துப்போகிறதா? ஜிஎஸ்டியில் மாதாமாதம் தாக்கல் செய்பவர் தன் விற்பனையை 11-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1-ல் ஏற்றுகிறார். 14-ம் தேதி வாங்கியவருக்கு 2பி அறிக்கை வருகிறது. 20-ம் தேதிக்குள் 3பி போட வேண்டும். விற்றவர் ஏற்றாத பில்லுக்கு வாங்கியவருக்கு உள்ளீட்டு வரி கிடைக்காது. ஆக, 14-க்கும் 20-க்கும் நடுவில் ஆபீசே தூங்காது. இருநூறு பில்லில் நூற்றெண்பது ஒத்துப்போகிறது என்று மெஷின் சொல்லிவிடும். மீதி இருபது ஏன் ஒத்துப்போகவில்லை? விற்றவர் மறந்தாரா, ஜிஎஸ்டி எண்ணைத் தப்பாகப் போட்டாரா, சரக்கே வரவில்லையா? அந்த இருபதுக்கு போன் போட்டுப் பேச ஒரு ஆள் வேண்டும்.

மூன்றாவது, பொறுப்பேற்பது. ‘இது உண்மையும் சரியுமான கணக்கு’ என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவது, அல்லது ‘இது சரியில்லை, போட மாட்டேன்’ என்று சொல்வது. இந்திய நிறுவனச் சட்டப்படி ஒரு கம்பெனியின் தணிக்கை அறிக்கையில் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்தான் கையெழுத்துப் போட முடியும். செலவுக் கணக்குத் தணிக்கை என்றால் காஸ்ட் அக்கவுண்டன்ட். 2019-லிருந்து சி.ஏ.க்கள் தரும் ஒவ்வொரு சான்றிதழுக்கும் யுடின் என்ற 18 இலக்க எண் வேண்டும். அந்தக் கையெழுத்து நிஜமா என்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் சரிபார்க்கலாம்.

என் கதையில் தப்பித்த அந்த இரண்டு பேரும் இரண்டாவது தளத்தில் இருந்தவர்கள். ஒத்துப்போகாத பில் வந்தால் மற்றவர்கள் அதைத் தனிக் கோப்பில் தூக்கிப் போடுவார்கள். இவர்கள் இருவரும் ‘ஏன்?’ என்று கேட்டு மெயில் அனுப்புவார்கள். புரோகிராம் எழுதும்போது எங்கள் சந்தேகங்களுக்கு விடை சொன்னதும் அவர்கள்தான். வேறு எந்த ரகசியமும் இல்லை.

கையெழுத்தின் விலை

மூன்றாவது தளத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று புரிய, நம் மாநிலத்தவர் ஒருவரின் கதை போதும். ஆர். சிவபோகம், 1907-ல் பிறந்தவர். சுதந்திரப் போராட்டத்தில் ஒரு வருஷம் வேலூர் சிறையில் இருந்தார். வெளியே வந்து கணக்குத் துறையைத் தேர்ந்தெடுத்து, 1933-ல் அரசின் கணக்கியல் டிப்ளமோவான ஜி.டி.ஏ. தேர்ச்சி பெற்றார். இந்தியாவில் அதைச் செய்த முதல் பெண். ஆனால் சிறை சென்றவர்கள் தணிக்கையாளராகப் பதிவு செய்ய முடியாது என்று அரசின் விதி குறுக்கே நின்றது. நீதிமன்றம் போய் ஜெயித்து, 1937-ல்தான் தொழிலைத் தொடங்கினார். பின்னாளில் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் இன்ஸ்டிட்யூட்டின் தென்னிந்திய மண்டலத்துக்குத் தலைவராகவும் இருந்தார்.

கணக்குப் போடத் தெரியும் என்று 1933-லேயே தேர்வில் நிரூபித்துவிட்டார். பிறகு ஏன் நீதிமன்றம்? கையெழுத்துப் போடும் உரிமை வேண்டும் என்பதற்காக. அது இல்லாமல் அவர் யாரிடமாவது கணக்கராக இருந்திருக்கலாம். அவருக்கு அது போதவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2009 ஜனவரி 7 அன்று நான் ஆபீசில் இருந்தேன். சத்யம் தலைவரின் கடிதம் வெளியான நாள். வங்கியில் இருப்பதாகக் காட்டிய பணத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அவரே எழுதியிருந்தார். எங்கள் தளத்தில் யாரும் அன்றைக்கு வேலை செய்யவில்லை. அங்கே பதிவுக்கும் மென்பொருளுக்கும் பஞ்சமா என்ன? ‘இந்தப் பணம் நிஜமா இருக்கா?’ என்று கடைசி வரை கேட்க வேண்டிய இடத்தில் அந்தக் கேள்வி உரிய அழுத்தத்தோடு கேட்கப்படவில்லை. அதன் பின் சட்டங்கள் இறுகின. 2018-ல் தணிக்கையாளர்களைக் கண்காணிக்க என்.எஃப்.ஆர்.ஏ. என்ற தனி அமைப்பு வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில், யார் எப்போது எந்தப் பதிவை மாற்றினார்கள் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும். மென்பொருள்காரனாகச் சொல்கிறேன்: அந்தத் தடத்தை உண்டாக்குவது எங்களுக்குச் சுலபம். அதைப் படித்து ‘மார்ச் 31 ராத்திரி பதினொரு மணிக்கு இதை ஏன் மாத்தினீங்க?’ என்று கேட்பது உங்கள் வேலை.

உப்பளத்தில் கிடைத்த பாடம்

இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். “சரிண்ணே, ஆனா நான் முதல் தளத்துலதானே இருக்கேன். மேல எப்படிப் போறது?” என்றான். நியாயமான கேள்வி. அதற்கான பதில் அவன் ஆபீசிலேயே கிடந்தது.

அவர்களுடைய வாடிக்கையாளர்களில் மரக்காணம் பக்கம் உப்பு வியாபாரம் செய்யும் ஒருவர் உண்டு. மார்ச் 31 கையிருப்பு என்று 400 டன் எழுதிக் கொடுத்திருந்தார். பையன் அதை அப்படியே ஏற்றிவிட்டான். “அம்பாரத்தைப் போய்ப் பார்த்தியா?” என்று கேட்டேன். “அது என் வேலை இல்லையே” என்றான். ஆனால் அவன் தாய்மாமா அளத்தில் வேலை பார்த்தவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு மரக்காணம் போனான்.

உப்புத் தொழிலின் வருஷம் வேறு. மழை ஓய்ந்து ஜனவரி வாக்கில் பாத்தி திருத்தத் தொடங்குவார்கள். வரப்பு கட்டி, உவர்நீர் இறைத்து, காய வைத்து, உப்பு வாரிக் குவிப்பார்கள். செப்டம்பர் வாக்கில் முடியும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் அம்பாரத்தைக் கீற்று வைத்து மூடுவார்கள். நம் நிதியாண்டோ மார்ச் 31-ல் முடிகிறது, அதாவது சீசனின் நடுவில். பாத்தி திருத்திய கூலி இந்த வருஷக் கணக்கில் விழும், அதில் விளையும் உப்பு பெரும்பாலும் அடுத்த வருஷக் கணக்கில் வரும். இதைத் தெரியாமல் லாபத்தைப் பார்த்தால் ஒரு வருஷம் நஷ்டம்போலவும் மறு வருஷம் கொள்ளை லாபம்போலவும் தெரியும்.

மாமா இன்னொன்றும் சொன்னார். “மூடி வச்சாலும் மழைக்குக் கொஞ்சம் கரையத்தான் செய்யும் தம்பி. அது எல்லா வருஷமும் உள்ளது. ஆனா இந்த வாட்டி புயல்ல போனது அப்படி இல்ல.” 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை இந்தக் கரையில் யாரும் மறந்திருக்க மாட்டோம்.

மாமா பேச்சுவழக்கில் சொன்னது கணக்கியலில் ஒரு முக்கியமான பாடம். வழக்கமான இழப்பு வேறு, அசாதாரண இழப்பு வேறு. கையிருப்பு மதிப்பீட்டுக்கான கணக்கியல் தரம் 2 அதைத்தான் சொல்கிறது. கணக்குக்காக எளிய எண்களை எடுத்துக்கொள்வோம். 400 டன் உப்பு எடுக்க ஆன செலவு 4 லட்சம் ரூபாய். வழக்கமான மழையில் 40 டன் கரையும் என்றால், அந்தச் செலவை மீதி 360 டன்தான் சுமக்க வேண்டும். அப்போது டன் ஒன்றுக்கு 1,000 இல்லை, சுமார் 1,111 ரூபாய். புயலில் மேலும் 60 டன் போனது என்றால் அந்த 66,667 ரூபாயை மிச்ச உப்பின் தலையில் ஏற்றக் கூடாது. நேராக அந்த வருஷத்தின் லாப நஷ்டக் கணக்குக்குப் போக வேண்டும். கையில் இருக்கும் 300 டன்னின் மதிப்பு 3,33,333 ரூபாய். சந்தையில் அதைவிடக் குறைந்த விலைக்குத்தான் விற்க முடியும் என்றால், அந்தக் குறைந்த விலைதான் மதிப்பு.

‘400 டன்’ என்று எழுதி வைத்தவர் ஏமாற்ற நினைக்கவில்லை. சீசன் முடிவில் எண்ணியதை மறுபடி எண்ணவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கணக்கை வைத்து வங்கியில் கடன் கேட்டிருந்தால்?

அன்று ராத்திரி பையன் அரைப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினான். என்ன பார்த்தேன், எவ்வளவு வித்தியாசம் இருக்கலாம், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று மூன்று பத்தி. ஆடிட்டர் படித்துவிட்டு முதல் முறையாக அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாராம். வாடிக்கையாளரைக் கூப்பிட்டு அம்பாரத்தை அளக்க ஏற்பாடும் செய்தார். முதல் தளத்திலிருந்து இரண்டாவதுக்குப் போக அவனுக்கு எந்தச் சான்றிதழும் தேவைப்படவில்லை, ஒரு பஸ் டிக்கெட் போதுமாக இருந்தது.

அப்போ படிப்பு வேண்டாமா?

வேண்டும். மூன்றாவது தளத்துக்குப் படிப்பு இல்லாமல் வழியே கிடையாது. கர்ணம் கதை சொல்வதும் அதைத்தான்.

சி.ஏ.வுக்கு, பி.காம்-ல் 55 சதவீதம் இருந்தால் ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இன்டர்மீடியட்டுக்குப் போகலாம். வணிகவியல் அல்லாத பட்டம் என்றால் 60 சதவீதம் வேண்டும். 2023 ஜூலையில் வந்த புதிய திட்டத்தில் இன்டர் இரண்டு குரூப்பும் முடித்த பிறகு ஆர்ட்டிகிள்ஷிப். அது மூன்று வருஷத்திலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. சி.எம்.ஏ. என்னும் காஸ்ட் அக்கவுண்டன்சிக்கும் பட்டதாரிகள் நேராக இன்டரில் சேரலாம், தேர்வு ஜூன், டிசம்பரில்.

பையனுக்கு 58 சதவீதம். நான் உடனே, “வேலையை விட்டுட்டு சி.ஏ. போ” என்றேன். அவன் பேசாமல் என் மேஜையிலிருந்த தாளை எடுத்து வீட்டுக் கணக்கை எழுதினான். அப்பாவின் கொத்தனார் கூலி, மழை மாசங்களில் அது இல்லாதது, தங்கச்சியின் நர்சிங் கல்லூரிக் கட்டணம், அம்மா வாங்கிய மகளிர் குழுக் கடன் தவணை. அவன் சம்பளத்தை எடுத்துவிட்டு, ஆர்ட்டிகிள்ஷிப்பில் வரும் சில ஆயிரத்தைப் போட்டுக் கூட்டினான். அக்டோபரிலேயே பணம் தீர்ந்தது. “அண்ணே, இது ஒத்துப்போகலையே” என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. மாசச் சம்பளத்தில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவருக்கு வேலையை விடச் சொல்வது சுலபம். அந்தத் தாளில் அவன் செய்தது இரண்டாவது தள வேலை, நான் செய்தது வெறும் அறிவுரை.

கடைசியில் முடிவை அவனே எடுத்தான். வேலையில் இருந்துகொண்டே சி.எம்.ஏ. இன்டர், தங்கச்சி படிப்பு முடிந்த பிறகு மேற்கொண்டு யோசிப்பது. உப்பின் அடக்கவிலையை மண்டையில் போட்டுக் குழப்பிக்கொண்டவனுக்கு அந்தப் பாடம் பிடித்தும் இருந்தது.

அவனோடு பேசியதில் நான் கற்றதைச் சுருக்கமாக வைக்கிறேன்:

- வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருஷத்தில், ஏதாவது ஒரு வாடிக்கையாளரின் கணக்கை பில்லிலிருந்து ரிட்டர்ன் வரை முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள். நூறு பேரின் பில்லைப் போடுவதைவிட அது மேல்.
- ஒரு தொழிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். உப்பு, முந்திரி, மீன், ஓட்டல், எதுவானாலும் சரி. அந்தத் தொழிலின் வருஷம் எப்போது தொடங்குகிறது, சரக்கு எங்கே குறைகிறது என்று நேரில் போய்ப் பாருங்கள்.
- எக்செல்லை ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள். பில் ஏற்றும் மென்பொருளை எதிரியாகப் பார்க்காமல், அது எங்கே தப்புப் பண்ணுகிறது என்று கண்டுபிடிப்பவராக ஆகுங்கள். அந்தத் தப்பை எழுதிய என்னைப் போன்றவர்களுக்கு அது தெரிவதில்லை.
- அரைப் பக்கக் குறிப்பு எழுதப் பழகுங்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ, படிப்பவருக்குப் புரிகிற மாதிரி.
- சட்டம் மாறும்போது முதலில் படித்தவராக இருங்கள். 1961-லிருந்து இருந்த வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025-ன் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று ஆகியிருக்கிறது. இருபது வருஷ அனுபவக்காரரும் இரண்டு வருஷக்காரரும் ஒரே பக்கத்திலிருந்து தொடங்குகிற சந்தர்ப்பம் அடிக்கடி வராது.
- படிப்பை எப்போது தொடங்குவது என்பதை உங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்து முடிவு பண்ணுங்கள். என்னைப் போன்ற அண்ணன்கள் சொல்வதை வைத்து வேண்டாம்.

பில் ஏற்றும் மென்பொருள் அவன் ஆபீசுக்கு வந்துவிட்டது. இரண்டு பேரை வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அவன் இருக்கிறான். அடுத்த மார்ச் 31-க்கு மரக்காணம் போய் அம்பாரத்தை அளக்கும் பொறுப்பு அவனுக்கு. ஒரு பெட்டியில் உப்பை நிரப்பி எடை போட்டு, அம்பாரத்தின் நீள அகல உயரத்தை வைத்து டன் கணக்குக்கு எக்செல்லில் ஒரு ஷீட் போட்டிருக்கிறான். சரிபார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பினான். சூத்திரத்தில் ஒரு தப்பு இருந்தது, சொன்னேன். ஈரப்பதத்தைக் கழிக்க நான் மறந்ததை அவன் சொன்னான்.